ஐஸ்லாந்து லீக் 2024: 22 ஆட்டத்தோடு நின்றிருந்தால் கோப்பை யாருக்கு?

இடதுவிங் எழுதியது:

ஐஸ்லாந்தின் மேல் டிவிஷன் கால்பந்துப் போட்டியான பெஸ்டா லீக்கைப் பின்தொடர்கிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? 2024 சீசனைப் பற்றி ஒரு கேள்வி, ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். 12 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற எல்லோருடனும் இரண்டு முறை மோதும், ஆக 22 ஆட்டம். 2021 வரைக்கும் அத்தோடு லீக் முடிந்துவிடும், மேலே இருப்பவர் சாம்பியன். 2022லிருந்து 22 ஆட்டம் முடிந்ததும் பட்டியலை இரண்டாக வெட்டி, மேலே இருக்கும் ஆறு அணிகள் தங்களுக்குள் ஒரு முறை, கீழே இருக்கும் ஆறு அணிகள் தங்களுக்குள் ஒரு முறை என்று இன்னும் 5 ஆட்டம் சேர்த்துவிட்டார்கள்.

2024ல் 22 ஆட்டம் முடிந்தபோது விக்கிங்குர், பிரெய்தாபிலிக் இரண்டு அணிகளுக்கும் சரியாக 49 புள்ளி. கோல் வித்தியாசத்தில் விக்கிங்குர் முன்னால். பழைய முறையாக இருந்திருந்தால் அன்றைக்கே கோப்பை அவர்கள் கையில். அதற்குப் பிறகு வந்த நான்கு ஆட்டத்திலும் இரண்டு பேரும் மூன்று வெற்றி, ஒரு டிரா, திரும்பவும் சமம், 59க்கு 59. கடைசி நாள் இருவரும் நேருக்கு நேர். விக்கிங்குருக்குச் சொந்த மைதானம், டிரா செய்தாலே போதும். அதில் 0-3 என்று தோற்றார்கள்.

26 ஆட்டம் முடிந்தபோது முன்னால் இருந்த அணி ஒரே ஒரு மாலையில் எல்லாவற்றையும் இழப்பது நியாயமான லீக்கா? நாக் அவுட் போட்டி வேண்டும் என்றால் அதற்குத்தான் தனியாக ஒரு கோப்பை இருக்கிறதே. நான் விக்கிங்குர் ரசிகன், அதனால் கொஞ்சம் சூடாகவே கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

---

வடக்குக்காற்று:

உங்கள் கணக்கு சரிதான், ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு சரியில்லை என்று நினைக்கிறேன்.

22வது ஆட்டம் கடைசி ஆட்டமாக இருந்திருந்தால் இரண்டு அணியும் அதை அப்படி ஆடியிருப்பார்கள். கோல் வித்தியாசம்தான் கோப்பையை முடிவு செய்யப் போகிறது என்று தெரிந்தால் பிரெய்தாபிலிக் அதற்கு முந்தைய நாலைந்து வாரமாகவே வேறு மாதிரி ஆடியிருக்கும். இன்னும் ஐந்து ஆட்டம் பாக்கி, அதில் கடைசி ஆட்டம் எதிரியோடேயே இருக்கலாம் என்று தெரிந்து ஆடிய ஒரு பட்டியலை, பாதியில் நிறுத்தி அதன் மேல் சாம்பியன் பெயரை எழுத முடியாது.

இன்னொன்று, பிரிவினைக்குப் பிறகு பெல்ஜியத்தில் பல வருடம் செய்தது போல புள்ளிகளைப் பாதியாக்குவது இங்கே கிடையாது. சம்பாதித்த ஒவ்வொரு புள்ளியும் கூடவே வருகிறது. அதனால்தான் 2022ல் பிரெய்தாபிலிக்கும் 2023ல் விக்கிங்குரும் கடைசிச் சுற்றுக்கு ரொம்ப முன்னாலேயே கோப்பையை உறுதி செய்துவிட்டார்கள், அந்த இரண்டு வருடமும் இந்த முறையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. 2023ல் உங்கள் அணி எல்லோரையும் விட வெகு தூரம் போயிருந்தது, பிரிவினை ஒன்றும் செய்ய முடியவில்லை. 2024ல் அந்தத் தூரம் இல்லை. கோளாறு அங்கேதான்.

முறை ஏன் வந்தது என்பதையும் யோசியுங்கள். 4 லட்சம் பேர் கூட இல்லாத நாடு. குளிருக்கும் இருட்டுக்கும் நடுவே ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் லீக். பழைய 22 ஆட்டத் திட்டத்தில் செப்டம்பரிலேயே மூடிவிடுவார்கள், அடுத்த லீக் ஆட்டத்துக்கு ஆறேழு மாதம் காத்திருக்க வேண்டும். ஐரோப்பியப் போட்டிகளில் ஆட நினைக்கும் அணிக்கு அது பெரிய பள்ளம். அந்த 5 ஆட்டமும் பலமான அணிகளுக்கு எதிரான 5 ஆட்டம் என்பதுதான் அதில் நல்ல விஷயம்.

---

கோப்பவோகூர்வாசி:

நான் வேலைக்காக ஐஸ்லாந்தின் கோப்பவோகூருக்கு வந்து சில வருடம் ஆகிறது, பிரெய்தாபிலிக் என் ஊர் அணி, அதனால் நான் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழில் குறையாமல் ஆடிய விக்கிங்குரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் தோற்றதற்குக் காரணம் பிரிவினை முறை இல்லை, அந்த இலையுதிர் காலமே அவர்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

வரிசையாகப் பாருங்கள். ஜூலையில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் அயர்லாந்தின் ஷாம்ராக் ரோவர்ஸிடம் நூலிழையில் வெளியேறினார்கள். அங்கிருந்து ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கிளப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக் பக்கம் வந்து எக்நாஷியா, ஃப்ளோரா தாலின், சாண்டா கொலோமா என்று மூன்று அணிகளைத் தாண்டினார்கள். நடுவில் லீக், நடுவில் நாட்டுக் கோப்பை. செப்டம்பரில் கோப்பை இறுதி ஆட்டம், அகுரேயிரி ஊரின் கேஏ அணியிடம் 0-2 தோல்வி. அதற்கு முன்னால் 2019, 2021, 2022, 2023 என்று கோப்பையை விடாமல் வைத்திருந்த அணி விக்கிங்குர் (2020ல் போட்டி முடிக்கப்படவில்லை). அதே காலத்தில் பிரெய்தாபிலிக் ஐரோப்பாவிலிருந்து தகுதிச் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டது, கொசோவோவின் த்ரிதாவிடம் தோற்று. அன்றைக்கு எங்களுக்கெல்லாம் வருத்தம். ஆனால் வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்று நிதானமாகப் பயிற்சி செய்யும் நேரம் அதனால்தான் கிடைத்தது.

அப்புறம் அந்தக் கடைசி எட்டு நாள். அக்டோபர் 19, சனிக்கிழமை, அக்ரானெஸ் ஊரில் ஐஏ அணியோடு விக்கிங்குர். 3-3 என்று இருக்கும்போது இஞ்சுரி டைமில் ஐஏ ஒரு கோல் போட்டது, நடுவர் அதை மறுத்துவிட்டார். இந்த லீக்கில் வீடியோ நடுவர் கிடையாது, ஆக அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அது முடிந்த கையோடு மறுபக்கம் போய் தானியேல் ஜூரிச் கோல் போட்டு 4-3. ஐஏ ரசிகர்கள் இன்றைக்கும் அதைப் பேசினால் முகம் சிவந்துவிடும். இடதுவிங் நண்பரே, 'ஒரே ஒரு மாலை' என்று நீங்கள் சொல்கிறீர்கள், அதற்கு முந்தைய வார மாலை உங்கள் பக்கம் நின்றதையும் கணக்கில் வையுங்கள்.

ஐந்து நாள் கழித்து, வியாழக்கிழமை 24ஆம் தேதி, பெல்ஜியத்தின் செர்க்கிள் ப்ரூஜுடன் கான்ஃபரன்ஸ் லீக் ஆட்டம். விக்கிங்குர் மைதானம் ஐரோப்பியத் தரத்துக்கு இல்லை என்பதால் ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா, எங்கள் கோப்பவோகூர் மைதானத்தில், அதாவது மூன்று நாள் கழித்து அவர்களோடு கோப்பைக்கு மோதப் போகும் எதிரியின் வீட்டில். இங்கேயும் இரவு ஆட்டத்துக்குப் போதுமான விளக்கு வெளிச்சம் இல்லை, அதனால் பகல் 2:30க்குத் தொடங்கினார்கள், ஆபீஸ் நாள். முதலில் கோல் வாங்கி, பிறகு 3-1 என்று ஜெயித்தார்கள். ஐஸ்லாந்து கிளப் ஒன்று ஐரோப்பியப் போட்டியில் தகுதிச் சுற்றுகளுக்குப் பிறகு வரும் பிரதான கட்டத்தில் வென்ற முதல் ஆட்டம் அது. அதற்கு முந்தைய வருடம் முதல் முறையாக அந்தக் கட்டத்துக்குப் போன பிரெய்தாபிலிக் ஆறு ஆட்டமும் தோற்றிருந்தது, அதனால் எனக்கு உள்ளூரப் பொறாமைதான், இருந்தாலும் அன்றைக்கு மனதாரக் கை தட்டினேன்.

மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, இறுதி ஆட்டம். இரண்டு மைதானத்துக்கும் நடுவில் இருப்பது ஃபோஸ்வோகூர் பள்ளத்தாக்குதான், எங்கள் ஆட்கள் பலர் நடந்தே போனோம். விக்கிங்குர் வீரர்கள் முதல் பதினைந்து நிமிடம் நன்றாகத்தான் ஓடினார்கள், பிறகு மோதலில் சிதறி விழும் பந்துக்கு எப்போதும் எங்கள் ஆள்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். நார்வேயின் ரோசன்போர்கிலிருந்து கடனாக வந்திருந்த ஈசாக் ஸ்னேர் முதல் பாதியில் ஒன்று, இடைவேளை முடிந்து வந்த உடனே இன்னொன்று. கடைசிப் பத்து நிமிடத்தில் அரோன் ப்யார்னசன் மூன்றாவது. பக்கத்தில் நின்ற வயதானவர் ஒருவர் மூன்றாவது கோலுக்குச் சத்தமே போடவில்லை, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு நின்றார். கிளப்பின் மூன்றாவது லீக் கோப்பை அது, 2010க்கும் 2022க்கும் பிறகு. அதே மாதம் எங்கள் பெண்கள் அணியும் கடைசி நாளில் வலூர் மைதானத்தில் 0-0 டிரா செய்து சாம்பியன் ஆகியிருந்தது. ஒரே கிளப், இரண்டு கோப்பை, இரண்டுமே கடைசி நாளில், இரண்டுமே எதிரியின் மைதானத்தில்.

---

கீழ்வரிசை:

எல்லோரும் மேல் ஆறைப் பற்றியே பேசுகிறீர்கள். பிரிவினை முறையால் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் கீழ் ஆறில்தான் நடந்தது.

பிடித்தது முதலில். மேற்கு ஃபியோர்டுகளில் இருக்கும் ஈசாஃபியோர்தூர் என்கிற சின்ன ஊரின் வெஸ்ட்ரி அணி, 2024ல்தான் மேல் டிவிஷனுக்கு வந்தது. தலைநகரிலிருந்து சாலையில் ஏறக்குறைய 450 கிலோமீட்டர், ஃபியோர்டு ஃபியோர்டாக வளைந்து வளைந்து போகும் பாதை. மைதானத்தில் செயற்கைப் புல் போடும் வேலை முடியாததால் முதல் சில 'ஹோம்' ஆட்டங்களை ரெய்க்யவிக்கில் இன்னொரு கிளப்பின் மைதானத்தில் ஆட வேண்டி வந்தது, அதாவது அவர்களுக்கு எல்லாமே வெளியூர் ஆட்டம். அப்படிப்பட்ட அணி கடைசி நாள் வரை போராடித் தப்பியது. கீழே போனவர்கள் ஹெச்கேவும் ஃபில்கிரும்.

மைதானத்தைக் கடன் கொடுப்பது அங்கே சாதாரண விஷயம் போல. எரிமலை காரணமாக 2023 நவம்பரில் கிரிந்தாவிக் ஊரையே காலி செய்தார்கள் அல்லவா, அந்த ஊரின் அணி (இரண்டாம் டிவிஷன்) 2024 சீசனை ரெய்க்யவிக்கில் விக்கிங்குருக்குச் சொந்தமான இன்னொரு மைதானத்தில்தான் ஆடியது. வீடு இல்லாத அணிக்கு இடம் கொடுத்தவர்கள் விக்கிங்குர் என்பதற்காக அந்தக் கிளப் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஹெச்கே கதை வேறு. அவர்கள் ஹோம் ஆட்டங்களை உள்ளரங்கத்தில் ஆடுகிறவர்கள், மழை காற்று என்று எதுவும் ஆட்டத்தைக் கெடுக்க முடியாது. ஆனால் ஆகஸ்டில் ரெய்க்யவிக்கின் கேஆர் அணியுடன் ஆட வேண்டிய நாளில் கோல்போஸ்ட் உடைந்துவிட்டது, மாற்று கோல்போஸ்ட் இல்லை, ஆட்டம் தள்ளிப்போனது. கேஆர் அதை எதிர்த்து முறையிட்டும் பார்த்தது. தள்ளிப்போன ஆட்டம் பின்னால் நடந்தது. அதன் பிறகு கடைசிச் சுற்றில் இரண்டு அணியும் மறுபடி மோதின, கேஆர் 7-0.

அந்த ஏழில் ஐந்து பெனோனி ப்ரெகி அந்த்ரேசன் என்கிற 19 வயதுப் பையன் போட்டது. அதோடு சீசனில் 21 கோல், புதிய சாதனை. இங்கேதான் எனக்குப் பிடிக்காத விஷயம். பழைய சாதனை 19, அதை 1978ல் பேத்தூர் பேத்தூர்சன் முதல் 2017ல் அந்த்ரி ரூனர் வரை ஐந்து பேர் தொட்டிருக்கிறார்கள். முதல் நான்கு பேர் ஆடிய காலத்தில் சீசனுக்கு 18 ஆட்டம்தான், அந்த்ரி ரூனருக்கு 22. இப்போது 27. பையன் பிரமாதமான ஆட்டக்காரன், சீசன் முடிந்ததும் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் கூட்டிக்கொண்டு போனது. ஆனால் அந்த ஐந்து பேர் பெயருக்குப் பக்கத்தில் ஆட்ட எண்ணிக்கையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்பது என் கருத்து. அந்த்ரி ரூனர் 2024ல் வெஸ்ட்ரிக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தார், தன் சாதனை போகும் அதே சீசனில் தன் பகுதி அணியை மேல் டிவிஷனில் தக்கவைக்க ஓடிக்கொண்டிருந்தார்.

---

இடதுவிங்:

எல்லோருக்கும் நன்றி. அக்ரானெஸ் ஆட்டத்தைச் சொன்னதும் என் வாதம் பாதி கரைந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அந்த மறுக்கப்பட்ட கோலை நான் சௌகரியமாக மறந்திருந்தேன்.

ஆனால் கோப்பவோகூர்வாசி சொன்ன களைப்புக் காரணத்தை வைத்தே ஒன்று கேட்கிறேன். வியாழன் ஐரோப்பா, ஞாயிறு லீக் இறுதி என்று வைப்பதற்குப் பதிலாக லீக்கின் கடைசி ஆட்டத்தை இரண்டு மூன்று நாள் தள்ளி வைத்திருக்க முடியாதா? அடுத்த ஐரோப்பிய ஆட்டம் நவம்பர் 7தானே.

---

வடக்குக்காற்று:

அதில் நான் உங்கள் பக்கம். எல்லா அணியும் ஒரே வார இறுதியில் முடிக்க வேண்டும் என்கிற ஏற்பாடு கோப்பைக்கான அந்த ஒரு ஆட்டத்துக்காவது தளர்ந்திருக்கலாம். விக்கிங்குர் அந்தத் தோல்விக்குப் பிறகு எப்படி ஆடினார்கள் என்று பாருங்கள், போஸ்னியாவின் போராட்சை 2-0 என்று வென்று, டிசம்பர் வரை ஆடி, நாக் அவுட்டுக்கே போய்விட்டார்கள். பிப்ரவரியில் கிரீஸின் பனாதினைக்கோஸோடு ஹோம் ஆட்டத்தை ஹெல்சிங்கியில் ஆட வேண்டி வந்தது, அதையும் 2-1 என்று ஜெயித்து, ஏதென்ஸில் 0-2 தோற்று மொத்தக் கணக்கில் ஒரே கோலில் வெளியேறினார்கள். அதற்குள் பயிற்சியாளர் அர்னார் குன்லாக்சன் தேசிய அணிக்குப் போயிருந்தார்.

2025ல் ஐஸ்லாந்தின் பிரபல வீரர் கில்ஃபி சிகுர்த்சனையும் சேர்த்துக்கொண்டு லீக் கோப்பையைத் திரும்ப எடுத்தார்கள், அது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

---

கீழ்வரிசை:

வெஸ்ட்ரியையும் முடித்துவிடுகிறேன். 2025ல் வலூரை 1-0 என்று தோற்கடித்து நாட்டுக் கோப்பையை ஈசாஃபியோர்தூருக்குக் கொண்டுபோனார்கள், அதே சீசன் கடைசி நாள் சொந்த மைதானத்தில் கேஆரிடம் 1-5 என்று தோற்று இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குகிறேன், இங்கே எழுதினால் நீளும்.