15 வருடம் கழித்துத் தனுஷ்கோடி: போயிருக்கவே கூடாதோ?

கடற்காகம்:
2009-ல் முதல் தடவை போனேன். முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து வேன்தான். ஆள் சேரும்வரை காத்திருந்து, நெருக்கியடித்து ஏறி, ஈர மணலிலும் தேங்கிய தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டே போய் இறங்கினால் இடிந்த சர்ச்சும் காற்றும் மட்டும்தான். பேசவே தோன்றாது.

போன மாதம் மறுபடி போனேன். அரிச்சல்முனை வரை கார் போகிறது. அசோகத் தூணைச் சுற்றி ஒரே ஹாரன். சர்ச் சுவரின் பவளக் கல்லைச் சாவியால் சுரண்டிப் பெயர் எழுதி, கீழே தேதியும் போட்டிருக்கிறார்கள். இந்த ரோட்டைப் போட்டிருக்கவே கூடாது.

ஓலைக்குடா பையன்:
அண்ணே, சர்ச் சுவரைப் பற்றிச் சொன்னது நியாயம். ரோடு பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது. எங்கள் அத்தையைக் கட்டிக்கொடுத்தது தனுஷ்கோடியில்தான். பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் கண்டால் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். வேன் எல்லாம் சாயங்காலத்தோடு நின்றுவிடும். கரைவலை இழுத்துப் பிடித்த மீன், வண்டி வரத் தாமதமானால் பதம் கெட்டுவிடும். அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை. 2017-ல் ரோடு வந்தபிறகு ஐஸ் பெட்டியோடு வண்டி குடிசைப் பக்கமே வருகிறது. உங்களுக்கு அது ஒருநாள் அமைதி. அத்தைக்கு அது தினப்பாடு.

கடற்காகம்:
சரி, ரோடு வேண்டாம் என்றது தப்புதான். ஆனால் வெளியூர்க் கார்கள் கடைசி முனை வரை எதற்கு? சத்திரத்திலேயே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போகட்டும். நான் பார்த்த தனுஷ்கோடியில் கொஞ்சமாவது மிஞ்சும்.

வைகைக்கரை:
"நான் பார்த்த தனுஷ்கோடி" என்கிறீர்களே, அதில்தான் எனக்குச் சிக்கல். எங்கள் பெரியப்பா 1962-ல் எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் பிடித்தவர். அவர் பார்த்தது ஸ்டேஷனும் கஸ்டம்ஸும் தபால் ஆபீசும் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பாம்பன் பாசஞ்சர் ரயிலே பயணிகளோடு கடலுக்குள் போனது. ஊர் வாழத் தகுதியில்லாதது என்று அரசு அறிவித்துவிட்டது.

2011-ல் அவரைக் கூட்டிப்போனேன். மணலில் நின்று, "இங்கேதான் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள்" என்று காலால் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் இடிந்த சுவரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்ததும், திரும்பிப் போகலாம் என்றார். நீங்கள் ரசித்த இடிபாடு அவருக்கு எழவு வீடு. அவரிடம் 2009-ல் எல்லாம் கெடாமல் இருந்தது என்று சொல்ல முடியுமா?

கடற்காகம்:
முடியாது. இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் கார்களை நிறுத்தத்தான் வேண்டும் என்பேன். அந்தச் சுவர் இன்னொரு 10 வருடம் தாங்காது.

ஓலைக்குடா பையன்:
சுவருக்கு வேலி போடுங்கள், ஆள் போடுங்கள், நானே வந்து நிற்கிறேன். காரை மட்டும் நிறுத்தாதீர்கள். அத்தை இப்போது ரோட்டோரம் மீன் பொரித்து விற்கிறாள். காரில் வருபவர்கள்தான் இறங்கிச் சாப்பிடுகிறார்கள். பஸ் அவள் கடையில் நிற்காது.

கடற்காகம்:
இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் தம்பி. ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு ஒரு அம்மா மணலைக் கையால் தோண்டி, ஊறி வந்த தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு கொடுத்தார். பத்து எட்டில் கடல், தண்ணீரில் உப்பே இல்லை. இந்தத் தடவை தேடினேன், கண்ணில் படவில்லை. அந்த ஊற்றெல்லாம் போய்விட்டதா?

ஓலைக்குடா பையன்:
இருக்கிறது அண்ணே. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. பெண்கடல் பக்கம், அதாவது அலை அடங்கிய வடக்குக் கடல் பக்கம் இறங்கிக் குடிசைகளைத் தாண்டி நடக்க வேண்டும். காலை 7 மணிக்கு வாருங்கள், அத்தை குடத்தோடு போகிற நேரம்.