சிங்கப்பூரில் கம்பெனி: பதிவு ஒரு நாள் வேலை, அதற்கப்புறம்?

திருச்சிக்காரன்:

சிங்கப்பூரில் கம்பெனி தொடங்குவதைப் பற்றித் தேடினால் கிடைப்பதில் பாதி, ஏஜென்ட்டுகளின் விளம்பரம். ஒரே நாளில் கம்பெனி, மூலதனம் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போதும் என்பார்கள். அதில் பொய் இல்லை. கம்பெனிப் பெயரைப் பதிய 15 வெள்ளி, கம்பெனிப் பதிவுக்கு 300 வெள்ளி அரசுக் கட்டணம். பங்குகள் முழுவதும் வெளிநாட்டுக்காரர் பெயரிலேயே இருக்கலாம். சிங்பாஸ் என்ற சிங்கப்பூர் டிஜிட்டல் அடையாளம் இல்லாத நம்மால், கம்பெனிகளைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, பதிவுபெற்ற ஏஜென்ட் மூலம்தான் போக வேண்டும். அவர் விண்ணப்பித்த அன்றே எனக்கும் பதிவு எண் வந்துவிட்டது. யாரும் எழுதாத பகுதி அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

திருச்சியில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருந்தேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், ஜகார்த்தா. சிங்கப்பூர்க் கம்பெனி பெயரில் பில் கொடுத்தால்தான் வசதி என்று அவர்கள் சொன்னதால் இந்த முடிவு.

ஒவ்வொரு கம்பெனிக்கும் சிங்கப்பூரில் வசிக்கும் டைரக்டர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே வசிக்க எனக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி வேண்டும். பாஸுக்கு விண்ணப்பிக்க ஒரு கம்பெனி வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வரத்தான் நாமினி டைரக்டர், அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு நமக்காக டைரக்டராகப் பெயர் கொடுக்கும் சிங்கப்பூர்வாசி. ஆண்டுக்கு இரண்டாயிரம் வெள்ளிக்குப் பக்கத்தில் கட்டணம், அதற்கு மேல் ஒரு டெபாசிட். பெயருக்கு டைரக்டர் என்றாலும் சட்டத்தின் முன் அவரும் முழுப் பொறுப்பாளி. அதனால் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டாலும் ஆயிரம் கேள்வி கேட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். 2025 ஜூனிலிருந்து இந்த விதிகள் இன்னும் இறுகிவிட்டன. தொழிலாக நாமினி வேலை செய்பவரைப் பதிவுபெற்ற நிறுவனம் வழியாகத்தான் நியமிக்க முடியும். அவர் தகுதியானவரா என்று பார்க்கும் பொறுப்பும் அந்த நிறுவனத்தின் தலையில்தான்.

உண்மையான மலை, வங்கிக் கணக்கு. 2023 ஆகஸ்டில் பத்து வெளிநாட்டவரைக் கைது செய்து, கடைசியில் 300 கோடி வெள்ளி மதிப்புள்ள சொத்துகளை முடக்கினார்களே, அந்தக் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கிய வழக்குக்கு முன்னால் கணக்குத் திறந்தவர்களின் அனுபவத்தை இன்று யாரும் நம்ப வேண்டாம். நான் போன வங்கியில் கேட்டவை: வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள், பழைய பில்கள், திருச்சிக் கம்பெனியின் வரிக்கணக்கு, மூலதனப் பணம் எனக்கு எப்படி வந்தது என்பதற்கு ஆதாரம். சேமிப்பு என்று சொன்னால் போதாது, எந்தச் சம்பளத்திலிருந்து எப்போது சேர்ந்தது என்று காட்டச் சொன்னார்கள். எல்லாம் கொடுத்த பிறகு ஒரே வரியில் மின்னஞ்சல்: உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த வங்கிக்குப் போகுமுன் ஜகார்த்தா வாடிக்கையாளரை ஓரமாக வைத்துவிட்டு, சிங்கப்பூர் வாடிக்கையாளர் இருவரின் ஒப்பந்தங்களை மேலே வைத்தேன். கம்பெனி என்ன விற்கிறது, யாருக்கு விற்கிறது, பணம் எந்த நாட்டிலிருந்து வரும், எந்த நாட்டுக்குப் போகும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். "ஐடி சர்வீசஸ்" என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டு, கிடங்குச் சரக்கைக் கணக்கெடுக்கும் மென்பொருள் என்று எழுதினேன். நேரில் போய் உட்கார்ந்து பேசினேன். அங்கே திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வைஸ், ஆஸ்பயர் மாதிரி இணையப் பணச் சேவைகளை வைத்துச் சமாளிக்கலாம், பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் அவை வங்கி அல்ல. வங்கி வைப்புத் தொகைக்கு 1,00,000 வெள்ளி வரை இருக்கும் காப்பீடு அங்கே கிடையாது.

பாஸ் பற்றிச் சுருக்கமாக. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, வயது கூடக் கூட அதுவும் கூடும். அதோடு காம்பஸ் என்ற மதிப்பெண் முறையில் 40 புள்ளி வேண்டும். உயர்நிலை ஊழியர்கள் 25 பேருக்குக் குறைவாக உள்ள சின்னக் கம்பெனிக்கு 20 புள்ளி தானாகவே கிடைத்துவிடும். மீதியைப் பட்டமும் சம்பளமும் தர வேண்டும். காகிதத்தில் காட்டிய சம்பளத்தை மாதாமாதம் உண்மையிலேயே கொடுத்தாக வேண்டும், அதற்குக் கம்பெனியில் பணம் இருக்க வேண்டும். ஒரு வெள்ளி மூலதனம் எல்லாம் அங்கே செல்லாது.

கணக்குப்பிள்ளை:

திருச்சிக்காரன் சார் சொன்னதோடு, ஆடிட்டர் ஆபீஸில் நான் வாராவாரம் பார்க்கும் ஒன்றைச் சேர்க்கிறேன். சிங்கப்பூரில் வரி 17 சதவீதம், புதுக் கம்பெனிக்கு முதல் மூன்று ஆண்டுகள் சலுகை என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். சலுகை உண்மைதான். வரிக்குரிய வருமானத்தில் முதல் 1,00,000 வெள்ளியில் 75 சதவீதத்துக்கும், அடுத்த 1,00,000-ல் 50 சதவீதத்துக்கும் விலக்கு. ஆனால் வரி விஷயத்தில் கம்பெனி சிங்கப்பூர்வாசியாகக் கருதப்பட வேண்டும். முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்பதை வைத்துத்தான் அது தீர்மானமாகும். நாமினி டைரக்டர் சிங்கப்பூரில் சும்மா இருக்க, எல்லா முடிவையும் நீங்கள் அண்ணாநகரில் உட்கார்ந்து எடுத்தால், அங்குள்ள வரித்துறையான ஐராஸ் ஒப்புக்கொள்வது கடினம்.

இந்தியப் பக்கம் இன்னும் முக்கியம். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்குவது 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்குள் வரும். வங்கி மூலம் எஃப்சி படிவம் கொடுத்து அடையாள எண் வாங்கிய பிறகே பணம் போக வேண்டும். ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்ப ஆண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் என்ற உச்சவரம்புக்குள் இதுவும் அடக்கம். ஒவ்வொரு டிசம்பர் 31-க்குள்ளும் கம்பெனியின் நிலை பற்றி ஓர் அறிக்கை. அப்புறம் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை. அதை விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. ஒரு வெள்ளிப் பங்குதானே என்று யாரும் எழுதாமல் விடாதீர்கள்.

"சிங்கப்பூர்க் கம்பெனியை மேலே வைத்து, ஊரில் இருக்கும் கம்பெனியை அதன் கீழே கொண்டுவந்துவிடலாமா?" என்று ஸ்டார்ட்அப் பிள்ளைகள் கேட்பார்கள். தனிநபராக நீங்கள் கட்டுப்படுத்தும் வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கீழே துணைக் கம்பெனி கூடாது என்பதுதான் விதி. ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார், அது அவர் வேலையும் இல்லை.

சாப்பாட்டுராமன்:

நீங்கள் எல்லாம் மடிக்கணினி ஆட்கள். நான் அடுப்புக்காரன். உணவகம் வைக்க ஆசைப்பட்டு, தொழில்முனைவோருக்கான ஆன்ட்ரபாஸ் கிடைக்குமா என்று முதலில் விசாரித்தேன். அந்தப் பாஸுக்குத் தகுதியில்லாத தொழில்கள் என்று மனிதவள அமைச்சே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. காப்பிக்கடை, உணவங்காடி, மதுக்கூடம், மசாஜ் நிலையம் எல்லாம் அதில் உண்டு. மனையடி பார்க்கும் தொழிலைக்கூட விட்டுவைக்கவில்லை! வாஸ்து ஜோசியர்கள் வேறு வழி பார்க்கட்டும்.

உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துத்தான் நான் நுழைந்தேன். டைரக்டர் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. கஷ்டம் சமையல்காரரில். முன்பெல்லாம் இந்தியாவிலிருந்து சமையல்காரர் வேண்டுமென்றால், நடுத்தரத் திறன் ஊழியருக்கான எஸ் பாஸ்தான். இன்று அதற்குக் குறைந்தது 3,300 வெள்ளி சம்பளம், அரசுக்குக் கட்டும் தீர்வை மாதம் 650 வெள்ளி வேறு. 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகச் சமையல்காரருக்கு ஒர்க் பெர்மிட் வழி திறந்தது. சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது. மொத்த ஊழியரில் 8 சதவீதம் வரைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், பதின்மூன்று பேர் வேலை செய்தால் ஒருவரைக் கொண்டுவரலாம். பரோட்டா மாஸ்டரையா தோசை மாஸ்டரையா என்று வீட்டில் பஞ்சாயத்தே நடந்தது. பரோட்டா ஜெயித்தது.

வடகடல்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், என் அனுபவம் எஸ்டோனியா. 2014 டிசம்பரில் அவர்கள் தொடங்கிய இ-ரெசிடென்சி, அதாவது வெளிநாட்டவருக்கு டிஜிட்டல் அடையாளம் தரும் திட்டம் மூலம் பதிந்தேன். டிஜிட்டல் அட்டையை டெல்லித் தூதரகத்தில் வாங்கிக்கொண்டு, கம்பெனியைக் கணினி முன்னால் உட்கார்ந்தே பதிவு செய்தேன். அரசுக் கட்டணம் 265 யூரோ. உள்ளூர் டைரக்டர் தேவையில்லை, அங்கே ஒரு முகவரியும் தொடர்பாளரும் போதும். லாபத்தைக் கம்பெனியிலேயே வைத்திருக்கும்வரை வரி இல்லை, பங்காதாயமாக வெளியே எடுக்கும்போதுதான். பெயரில் "ரெசிடென்சி" இருப்பதைப் பார்த்து மச்சான் என்னை ஐரோப்பாக் குடிமகன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். விசாவும் கிடையாது, வசிக்கும் உரிமையும் கிடையாது. எஸ்டோனியாவின் தலைநகர் தாலினை நான் பார்த்தது டூரிஸ்ட் விசாவில்.

மதுரை மல்லி:

அண்ணே, ஒரு சந்தேகம். கம்பெனி ஓடவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாமா? என் தோழி ஒருத்தி அப்படித்தான் இருக்கிறாள்.

திருச்சிக்காரன்:

வேண்டாம்மா. வியாபாரமே நடக்காவிட்டாலும் ஆண்டறிக்கை கொடுத்தாக வேண்டும். தாமதமானால் முதல் மூன்று மாதத்துக்குள் 300 வெள்ளி, அதைத் தாண்டினால் 600 வெள்ளி அபராதம். கம்பெனியின் ஆவண வேலைகளைப் பார்க்கும் செக்ரட்டரிக்கும் நாமினிக்கும் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். நாமினி விலகிவிட்டால் உள்ளூர் டைரக்டர் இல்லாத கம்பெனி என்ற வேறொரு குற்றம் சேரும். உன் தோழியை முதலில் ஐராஸ் பாக்கி, கடன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அப்புறம் பெயர் நீக்கத்துக்கு அக்ராவில் விண்ணப்பிக்கச் சொல். அறிவிப்பு, ஆட்சேபணைக்கான காலம் எல்லாம் சேர்த்து நான்கு மாதத்துக்குக் குறையாமல் ஆகும். விண்ணப்பிக்கும் முன் வங்கிக் கணக்கைச் சுத்தமாகக் காலிசெய்து மூடிவிட வேண்டும். பெயர் நீங்கிய பிறகு அதில் கிடக்கும் பணம் அரசின் பொறுப்பாளர் வசம் போய்விடும்.