ஸ்லீவா, பைபாஸா? எடைக்குறைப்பு ஆபரேஷனும் அதற்குப் பிறகான சாப்பாடும்

நீலக்குயில்:

தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 118 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 42-ஐ ஒட்டி இருக்கிறது. ஆறு வருடமாகச் சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறான். கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) 8.4. படுத்தால் நெஞ்செரிச்சல், பலத்த குறட்டை. எடை குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்யப்போகிறோம். ஒரு சர்ஜன் ஸ்லீவ் போதும் என்கிறார், இன்னொருவர் பைபாஸ்தான் சரி என்கிறார். ஆபரேஷனை இருவரும் நன்றாகவே விளக்கினார்கள். அதற்குப் பிறகு எப்படிச் சாப்பிடுவது என்பதற்கு ஒரு அச்சடித்த தாள்தான் கிடைத்தது.

எதை வைத்து முடிவெடுப்பது? எந்த வாரம் என்ன சாப்பிடலாம், எவ்வளவு, எங்கே தவறு நடக்கும்? ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவன் அவன். எனக்குப் பெரிய கவலையே அதுதான்.

கத்தியும் நூலும்:

தகுதியைப் பற்றிக் கேள்வியே இல்லை. 2022-ல் திருத்தப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல், பிஎம்ஐ 35-க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கிறது. இரண்டில் எது என்பதுதான் கேள்வி. உங்கள் தம்பி விஷயத்தில் அதைத் தீர்மானிக்கப்போவது நெஞ்செரிச்சல்.

ஸ்லீவில் வாய்வழியாக ஒரு குழாயை உள்ளே விட்டு, அதையே அளவாக வைத்து நெடுக ஸ்டேப்ளர் போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு ஒடுங்கிய குழல். கீழ்முனையில், குடலுக்குப் போகும் வாசலான பைலோரஸ் வால்வு அப்படியே இருக்கிறது. குழலுக்கு விரிந்து கொடுக்கும் குணம் இல்லை. உள்ளே அழுத்தம் கூடினால் அமிலம் மேலேதான் வரும். பைபாஸில் உணவுக்குழாயை ஒட்டி 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். அமிலம் சுரக்கும் பகுதி பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட பெரிய இரைப்பையோடு போய்விடுகிறது. பித்தநீரும் வெகுதூரம் கீழேதான் உணவோடு கலக்கிறது. ஃபின்லாந்தில் 240 பேரை இரு குழுவாக்கிப் பத்து வருடம் தொடர்ந்த ஸ்லீவ்பாஸ் ஆய்வில், உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம்.

அதனால் இரண்டு சர்ஜன்களிடமும் விவாதிப்பதற்கு முன் எண்டோஸ்கோபி செய்துவிடுங்கள். உணவுக்குழாயில் கடுமையான அழற்சியோ பாரெட் மாற்றமோ (அமிலம் பட்டுப் பட்டு உள்தோல் மாறிப்போவது) தெரிந்தால் ஸ்லீவைக் கைவிடுவதே நல்லது. ஹயாடஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறுவது) இருக்கிறதா, இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமி இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து.

சுகரைப் பொறுத்தவரை இரண்டுமே நன்றாக வேலை செய்யும், பைபாஸ் சற்று முந்தும். ஆறு வருடம்தான், இன்சுலின் இன்னும் தொடங்கவில்லை என்பது அவருக்குச் சாதகம். ஆனால் மாத்திரை இல்லாத நிலை வந்தாலும் அது ஆயுளுக்கும் நிற்கும் என்று எண்ண வேண்டாம்.

பைபாஸ் வேண்டாம் என்று சொல்லவைக்கும் காரணங்களும் உண்டு. சிகரெட்டை விட முடியாதவர், மூட்டு வலிக்காக ஐப்யூபுரூஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தே ஆக வேண்டியவர், குடலில் ஏற்கெனவே பல ஆபரேஷன் ஆனவர், கிரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர். முதல் இரண்டு வகையினருக்குப் பையும் குடலும் சேரும் இணைப்பில் புண் வரும். அது ஓட்டை விழும் வரைகூடப் போகும். தம்பி புகைக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. புகைத்தால் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், பிறகும் தொடக்கூடாது.

யாராவது மினி பைபாஸ் (குடலில் ஒரே இணைப்பு மட்டும் போடும் வகை) என்று சொன்னால், பித்தநீர் மேலே ஏறும் அபாயத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அது முக்கியம்.

எடையைப் பற்றி நிதானமான கணக்கு: ஒன்று முதல் இரண்டு வருடத்தில் மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் குறைவது வழக்கம். 118 கிலோ என்றால் 83 முதல் 88 வரை. அதன்பின் கொஞ்சம் திரும்ப ஏறும், அது தோல்வி அல்ல. எடை குறைக்கும் செமாக்ளுடைடு, டிர்செபடைடு ஊசிகளும் நிஜமான மாற்றுதான், ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும். இப்போதே அந்த ஊசி போய்க்கொண்டிருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரைப்பை காலியாக நேரமெடுக்கும் என்பதால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

குறட்டைக்கு ஸ்லீப் ஸ்டடி (தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கும் பரிசோதனை) செய்யாமல் தேதி குறிக்காதீர்கள். ஹெச்பிஏ1சி-யையும் 8-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் நல்லது.

தட்டும் கரண்டியும்:

அக்கா, ஐந்து நிமிடப் பழக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். அதை ஆபரேஷனுக்குப் பிறகு மாற்ற முடியாது, முன்பே மாற்ற வேண்டும். இன்றிலிருந்தே டீஸ்பூனால் சாப்பிடட்டும். ஒரு வாய் போட்டதும் ஸ்பூனைக் கீழே வைக்கட்டும். அதை மென்று விழுங்கிய பிறகுதான் மறுபடி ஸ்பூனைத் தொட வேண்டும். ஒரு வாய்க்கு 20-30 மெல்லல், ஒரு வேளைக்கு 20-30 நிமிடம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முடித்து 30 நிமிடம் கழித்துத்தான். ஒரு மாதம் இப்படிப் பழகினால் போதும், ஆபரேஷனுக்குப் பின் வரும் வாந்தியில் பாதி வராமலே போகும்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் தினம் 800 முதல் 1000 கலோரி அளவில் திரவ உணவு தருவார்கள். அது எடை குறைக்க அல்ல, கல்லீரல் சுருங்க. கொழுப்பேறிய கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் கவிழ்ந்து கிடக்கும், சர்ஜன் அதைத் தூக்கிப் பிடித்துத்தான் வேலை செய்ய வேண்டும். நடுவில் ஒருநாள் வயிறார விருந்து சாப்பிட்டால் அந்தப் பலன் போய்விடும்.

ஆபரேஷனுக்குப் பின் முதல் இரண்டு நாள் தெளிந்த திரவம் மட்டும். 30 மில்லி மருந்துக் கப்பை எடுத்து 15 நிமிடத்துக்கு ஒரு கப், சிறுசிறு மடக்காக. மணிக்கு 120 மில்லி ஆகிறது. விழித்திருக்கும் 13 மணி நேரத்தில் 1.5 லிட்டர் வந்துவிடும். முதல் வாரங்களின் முக்கிய வேலையே இதுதான். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருகிறவர்களில் பலர் நீர்ச்சத்து குறைந்துதான் வருகிறார்கள். சோடா வகைகள் வேண்டாம்.

இரண்டாம் வாரம் முடியும் வரை கெட்டித் திரவம்: கொழுப்பு நீக்கிய பால், வடிகட்டிய பருப்பு சூப், புரதப் பவுடர் கலந்த பானம். மூன்று, நான்காம் வாரங்களில் மசியல். கரண்டியைக் கவிழ்த்தால் மெதுவாக வழிய வேண்டும், விதை, தோல், நார் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு வேளைக்கு 2 முதல் 4 டேபிள்ஸ்பூன். ஐந்து, ஆறாம் வாரங்களில் மென்மையான உணவு. முள்கரண்டியின் முதுகால் அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் அளவுகோல். கிளறிய முட்டை, வேகவைத்த மீன், குழம்போடு வெந்த கொத்துக்கறி இதில் சேரும். ஏழு, எட்டாம் வாரத்திலிருந்து வழக்கமான உணவு, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள் மட்டும். உங்கள் சர்ஜன் தரும் வாரக்கணக்கு சற்று மாறினால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

புரதம் தினம் 60 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 9, வெந்த மீன் 100 கிராமில் 20-க்கு மேல். இரண்டாம் மாதத்தில் ஒரு வேளைக்கு அரைக் கப்பே இறங்காது என்பதால், தொடக்கத்தில் பவுடர் இல்லாமல் இந்தக் கணக்கு வராது. தட்டில் முதலில் புரதம், பிறகு காய்கறி, கடைசியில்தான் மாவுச்சத்து. புரதத்திலேயே நிறைந்துவிட்டால் அத்தோடு எழுந்துவிட வேண்டும்.

'நிறைந்தது' என்பது இனி பழைய மாதிரித் தெரியாது. சிலருக்கு மூக்கு ஒழுகும், சிலருக்கு ஒரு விக்கல், ஒரு தும்மல், அல்லது நடுநெஞ்சில் லேசான இறுக்கம். அதுதான் நிறுத்தச் சொல்லும் அறிகுறி. அதைத் தாண்டி ஒரு வாய் போட்டால் போதும். உணவு அடைத்துக்கொள்ளும், நெஞ்செலும்புக்குப் பின்னால் கூர்மையாக வலிக்கும், வாயெல்லாம் எச்சில் ஊறும், வெள்ளை நுரையாகக் கோழை கோழையாக வெளியே வரும். அப்போது தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள், அடைப்புக்கு மேல் தண்ணீர் தேங்கி வலி கூடும். எழுந்து நடக்கட்டும், நுரையைத் துப்பட்டும். அது அடங்கிய பின் அன்று முழுக்கத் திரவம் மட்டும்.

அடிக்கடி சிக்குபவை: மென்றாலும் மாவுருண்டையாகத் திரளும் பிரெட், கட்டியாக ஒட்டும் சோறு, நார் நாராக உலர்ந்த கோழி நெஞ்சுக்கறி. சூடாக்கிச் சூடாக்கி உலர்ந்த கறி எல்லாவற்றையும்விட மோசம்.

இதற்கு நேர்மாறான பொறியும் ஒன்று உண்டு. பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் எதுவும் சிக்காது, கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறும் நிறையாது. 'இது மட்டும்தான் ஒத்துக்கொள்கிறது' என்று அதிலேயே தங்கிவிடுகிறவர்களுக்குத்தான் இரண்டாம் வருடத்தில் எடை ஏறுகிறது. மனசு உணவு கேட்பதும் வயிறு கேட்பதும் வேறு வேறு. முட்டையோ மீனோ கொடுத்தால் வேண்டாம், பிஸ்கட் மட்டும் வேண்டும் என்றால் அது வயிற்றுப் பசி இல்லை.

பைபாஸ் என்றால் டம்பிங்கும் (உணவு சட்டென்று குடலுக்குள் கொட்டிவிடுவது) சேரும். இனிப்புக்கு 10-30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் மிகையாகச் சுரந்து சுகர் சரிவது. அப்போது சிறிதளவு சர்க்கரையும், கூடவே கொஞ்சம் புரதமும் தர வேண்டும். வெறும் இனிப்பாகக் கொடுத்தால் மறுபடியும் அதே சரிவுதான்.

நீலக்குயில்:

மிக்க நன்றி. ஹயாடஸ் ஹெர்னியா பற்றி யாரும் சொல்லவே இல்லை, எண்டோஸ்கோபிக்குக் கேட்டிருக்கிறேன். தம்பி சிகரெட் பிடிப்பதில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். சுகர் மாத்திரையை எப்போது குறைப்பது? வைட்டமின் ஆயுள் முழுக்க என்கிறார்களே, எடை குறைந்த பிறகும் ஏன்?

மருந்துச்சீட்டு:

கிளிமிபிரைடைப் பற்றி இன்றே டாக்டரிடம் பேசுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம், அந்த இரண்டு வாரத் திரவ உணவிலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது. 800 கலோரியில் இருப்பவருக்கு அந்த மாத்திரை முழு டோஸில் போனால் சுகர் தாழ்ந்து விழுந்துவிடுவார். பெரும்பாலும் திரவ உணவு தொடங்கும் அன்றே குறைக்கிறார்கள் அல்லது நிறுத்துகிறார்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை ஏதாவது நடுவில் சேர்க்கப்பட்டால் அதை ஆபரேஷனுக்கு 3-4 நாள் முன் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சுகர் அளவு சாதாரணமாகத் தெரிந்துகொண்டே உடம்பில் கீட்டோன் அமிலம் ஏறும், கண்டுபிடிப்பதும் தாமதமாகும். மெட்ஃபார்மின் நீண்ட நேரம் கரையும் வகையாக இருந்தால் சாதாரண வகைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

வைட்டமின் ஏன் என்றால், குறைந்தது எடை மட்டும் இல்லை. பி12 உறிஞ்சத் தேவையான அமிலமும் புரதமும் இரைப்பையில் சுரப்பவை. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் குடலின் முதல் பகுதியைப் பைபாஸ் தாண்டிவிடுகிறது. இவை எதுவும் பழைய நிலைக்குத் திரும்பப்போவதில்லை. பொதுவான அளவுகள்: பி12 வாயால் தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு ஊசி 1000. கால்சியம் தினம் 1200-1500 மில்லிகிராம், ஆனால் ஒரே வேளையில் 500-600-க்கு மேல் உடம்பு ஏற்காது, அதனால் பிரித்துத் தர வேண்டும். சிட்ரேட் வகையாகக் கேட்டு வாங்குங்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், அதுதான் இப்போது இருக்காது. வைட்டமின் டி தினம் 3000 யூனிட்டில் தொடங்கி ரத்த அளவைப் பார்த்து மாற்றுவார்கள். இரும்பு ஆணுக்குக் குறைந்தது 18, மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு 45-60 மில்லிகிராம். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுக் கொடுங்கள், சேர்த்துக் கொடுத்தால் கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது.

எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் சேரும். பித்தப்பை இருக்கிறவருக்கு அதைத் தடுக்க உர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை ஆறு மாதம் தருவது உண்டு, கேட்டுப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை 3, 6, 12-ஆம் மாதங்களில், பிறகு வருடம் ஒருமுறை. மூன்றாம் மாதத்தில் முடி கொத்தாக உதிரும். பெரும்பாலும் அது தானாக நிற்கும், அதற்காகக் கடையில் தனி மாத்திரை வாங்குவதற்கு முன் புரதத்தையும் இரும்பையும் பாருங்கள்.

இரவுப்பணிச் செவிலி:

மேலே உள்ளவற்றோடு இதையும் குறித்துக்கொள்ளுங்கள் சகோதரி. வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் நாடித்துடிப்பு ஓய்வில் 120-ஐத் தாண்டினால், காய்ச்சல், மூச்சுத்திணறல், இடது தோளில் வலி, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி இருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டேப்ளர் போட்ட இடம் கசிந்தால் வயிறு கல்லாக இறுகும் முன்பே நாடி ஏறிவிடும். பைபாஸ் ஆனவருக்கு வருடங்கள் கழித்தும் திடீரென வயிறு முறுக்கி வலித்தால், குடல் உள்ளுக்குள் சிக்கியிருக்கலாம். ஸ்கேன் எடுக்காமல் அசிடிட்டி என்று வீட்டுக்கு அனுப்ப விடாதீர்கள்.

வாந்தி விஷயம் தனி. ஒருநாள் சிக்கி வாந்தி எடுப்பது பரவாயில்லை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் சர்ஜனிடம் போயே ஆக வேண்டும், குழல் ஒடுங்கியிருக்கலாம். தயமின் என்கிற பி1 உடம்பில் சில வாரத்துக்குத்தான் சேமிப்பாக இருக்கும். வாந்தி நீடித்தால் அது தீர்ந்து, நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகத் தெரியும், குழப்பம் வரும். அந்த நிலையில் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மூளைக்குப் போகும் சேதம் நிரந்தரமாகலாம். அவசரப் பிரிவில் இருக்கும் எல்லோருக்கும் இது உடனே ஞாபகத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது.

அதனால் தம்பியின் பர்ஸில் ஒரு அட்டை வையுங்கள். ஆபரேஷனின் பெயர், தேதி, சர்ஜன் எண். கீழே மூன்று வரி: 'குளுக்கோஸுக்கு முன் தயமின்', 'ஐப்யூபுரூஃபென், டைக்ளோஃபினாக் கூடாது', 'மூக்குவழிக் குழாயை சர்ஜனைக் கேட்காமல் போடக்கூடாது'. ஒரு நகல் உங்கள் போனிலும் இருக்கட்டும்.