ஆகஸ்டில் டுட்டுவா? செரங்கெட்டி போனவர்கள் உதவுங்கள்

ஆகஸ்ட் கடைசியில் அம்மாவோடு தான்சானியாவின் செரங்கெட்டி வனவிலங்குப் பூங்காவுக்குப் போகிறோம். வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்கத்தான் என்று சொல்லியே பணம் கட்டினோம். வந்த திட்டத்தில் எல்லா இரவும் தெற்கே டுட்டுவில்! அங்கே அவை கன்று ஈனுவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஆகஸ்டில் கூட்டம் வடக்கே, மாரா ஆற்றுப் பக்கம் போயிருக்கும்.

ஏஜென்டிடம் கேட்டால், "சிங்கம் எப்பவும் இருக்கும் சார்" என்கிறார். சிங்கத்துக்காகவா இவ்வளவு செலவு?

வடக்கே அந்த ஆற்றுப் பக்கம் உள்ள கொகட்டெண்டே முகாம்களுக்கு நானே எழுதிப் பார்த்தேன், இடமில்லை. கென்யா பக்கம் போய் ஆற்றைக் கடப்பதைப் பார்ப்பதென்றால் இசெபானியா எல்லை வழியாகச் சுற்ற வேண்டும். அம்மாவுக்கு முதுகுவலி வேறு. செரங்கெட்டியின் நடுவில் உள்ள செரொனெராவில் மட்டும் அறை கிடைக்கிறது.

செரொனெராவில் தங்கி, விடியற்காலையில் லேண்ட் க்ரூசரில் கொகட்டெண்டே போய் அன்றே திரும்புவது முதுகுவலிக்காரருக்குத் தாங்குமா?