மண்டேலா, கிங் உரைகளோடு நம்மவர் பேச்சும் சேர வேண்டும், உதவுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்பின் பெரிய பிள்ளைகள் நெல்சன் மண்டேலா, மார்ட்டின் லூதர் கிங் இருவரின் உரைகளையும் தலைமையையும் ஒப்பிட்டு மேடையில் பேசப் போகிறார்கள்.

கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் முன் பேசினார். கனவு பற்றிய பகுதி அவர் கையிலிருந்த தாளில் இல்லை, பாடகி மஹாலியா ஜாக்சன் பின்னாலிருந்து குரல் கொடுத்ததும் தாளை விட்டுவிட்டு மனதிலிருந்தே பேசினார் என்பார்கள். மண்டேலாவோ 1964 ஏப்ரல் 20 அன்று பிரிட்டோரியா நீதிமன்றத்தில், தூக்குத் தண்டனை விழலாம் என்று தெரிந்தே, எழுதி வந்ததை ஏறக்குறைய மூன்று மணி நேரம் நின்று வாசித்தார். அகிம்சையை ஏன் விட்டோம், நாசவேலையை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று நீதிபதி முன்னாலேயே விளக்கினாரே, அந்த இடம்தான் எனக்கு இன்றும் புல்லரிக்கும். ஆனால் பிள்ளைகள் 'ஒருவர் அகிம்சை, ஒருவர் ஆயுதம்' என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள், அது போதாது.

அதனால் மூன்றாவதாக டாக்டர் மான்டி நாயக்கரையும் சேர்க்க ஆசை. 1946-இல் நம் டர்பனிலேயே, கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சேரும் மூலையில் கூடாரம் போட்டு, இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்துச் சிறை போனவர். அவர் பேச்சுகளின் பிரதி, பழைய துண்டறிக்கை, அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற தாத்தா பாட்டி சொன்ன கதை, எது இருந்தாலும் படம் பிடித்து இங்கே போடுங்கள். அப்புறம், மண்டேலாவின் அந்த உரைக்கு நல்ல தமிழாக்கம் யாரிடமாவது இருக்கிறதா?