சீட் டியூப் இல்லாத சைக்கிள்: ரோடு ரேசில் நிறுத்திவிட்டார்கள், என்ன செய்யலாம்?

கோவை_லெஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோயம்புத்தூர், இப்போது இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் பழைய சாஃப்ட்ரைட் சைக்கிள் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இதில் சீட்டைத் தாங்கும் குழாயே கிடையாது. ஹேண்டில் பக்கத்திலிருந்து ஒரு கார்பன் பீம் பின்னோக்கி நீண்டு வரும், அதன் நுனியில் சீட் இருக்கும். குழியில் இறங்கினால் பீம் மூங்கில் கழி மாதிரி வளைந்து நிமிரும். எனக்கு முதுகில் டிஸ்க் தொந்தரவு உண்டு. மற்ற சைக்கிளில் 40 கி.மீ. தாண்டினால் வலி ஆரம்பித்துவிடும், இதில் 100 கூடப் போகிறேன்.

இரண்டு கோடையாக கிளப் டைம் டிரையல்களில் (ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்தை எதிர்த்து ஓட்டும் போட்டி) இதைத்தான் ஓட்டினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போன ஞாயிறு முதல்முறையாக ரோடு ரேசுக்குப் பெயர் கொடுத்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் நடுவர் சைக்கிளைப் பார்த்தார், "இது சர்வதேச விதிப்படி நடக்கும் போட்டி, இந்த ஃபிரேமில் விட முடியாது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்தது அப்படியே நின்றுபோனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

நிஜமாகவே விதி அப்படித்தானா? பெடல் அச்சிலிருந்து பீம் வரை ஒரு அலுமினியக் குழாயைப் பொருத்திவிட்டால் விடுவார்களா? வேறு எந்தப் போட்டியில் இதை ஓட்டலாம்?

சங்கிலிக்கண்ணி

விதி அப்படித்தான் இருக்கிறது, நடுவர் மேல் தப்பில்லை. சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யூசிஐயின் விதி 1.3.020-ஐப் பாருங்கள். எல்லாரும் ஒன்றாகக் கிளம்பும் ரோடு ரேஸ் என்றால் ஃபிரேம் முக்கோணமாக இருக்க வேண்டும்: ஹேண்டில் பக்கத்திலிருந்து சீட் பக்கம் போகும் டாப் டியூப் (நாம் பார் என்போமே, அதுதான்), ஹேண்டில் பக்கத்திலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் டவுன் டியூப், பெடல் அச்சிலிருந்து சீட்டுக்கு ஏறும் சீட் டியூப். ஒவ்வொரு குழாயின் நடுக்கோடும் நேராகப் போக வேண்டும், எந்தக் குழாயும் 8 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் சைக்கிளில் முக்கோணத்தின் ஒரு பக்கமே இல்லை. எடை, கியர், நீங்கள் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டைம் டிரையலுக்கும் டிராக்குக்கும் (வட்ட ஓடுதளப் போட்டிகள்) உள்ள விதி (1.3.021) கொஞ்சம் தாராளம். ஃபிரேம் குழாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரே வார்ப்பாக இருக்கலாம், வில் போலவோ பீம் போலவோ கூட இருக்கலாம். ஆனால் எல்லாம் அந்த முக்கோண அளவுச்சட்டத்துக்குள் அடங்க வேண்டும். சாஃப்ட்ரைட்டின் பீம் மேலே வளைந்து போவதால் அதிலும் அடங்கும் என்று தோன்றவில்லை. உங்கள் கிளப் போட்டிகளில் விட்டதற்குக் காரணம் வேறு. அந்த டைம் டிரையல்கள் தங்களுக்கென்று தனி விதி வைத்திருக்கின்றன.

பட்டறை_ராஜா

குழாய் பொருத்தும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள், தயவுசெய்து. இருபது வருடமாக ஃபிரேம் வேலை பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். அந்த பீம் வளைவதற்காகவே செய்தது. கீழே முட்டுக் கொடுத்துவிட்டால் வளையாது, நீங்கள் வாங்கிய காரணமே போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, சுமை முழுக்க அந்த முட்டு தொடும் ஒரே இடத்தில் இறங்கும். கார்பன், இரும்பு மாதிரி வளைந்து எச்சரிக்கை காட்டாது. உள்ளே இழை பிரிந்து, ஒரு நாள் இறக்கத்தில் போகும்போது ஒடியும்.

அப்படியே பொருத்தினாலும் நடுவர் ஏற்க மாட்டார். 2011 ஜனவரியிலிருந்து புதிதாக வரும் பந்தய ஃபிரேம்களுக்கு முன் அனுமதி வாங்கி, யூசிஐ எழுத்துகளோடு ஒரு குறியீட்டு முத்திரை ஒட்டுகிறார்கள். அதற்கு முந்தைய மாடல்களுக்கு முத்திரை தேவையில்லை, ஆனால் வடிவம் விதிக்குள் இருக்க வேண்டும். வீட்டில் மாற்றிய ஃபிரேமை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

முதுகுதான் பிரச்சினை என்றால் சொல்லுங்கள், சாதாரண ஃபிரேமிலேயே நிறையச் செய்யலாம். இப்போது எத்தனை மி.மீ. டயர் போடுகிறீர்கள்?

புதுப்பெடல்

நடுவில் ஒரு சந்தேகம், தப்பாக நினைக்காதீர்கள். பார் இல்லாத லேடீஸ் சைக்கிளையும் ரேசில் விடமாட்டார்களா? ஊரில் அக்கா சைக்கிளில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதில் என்ன தப்பு என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

சங்கிலிக்கண்ணி

நல்ல கேள்விங்க. ஓட்டுவதில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் முழுக்கத் தாழ்ந்த லேடீஸ் ஃபிரேம் அந்த முக்கோணத்தில் பொருந்தாது. பார் சரிவாக இருக்கலாம். அந்தச் சரிவுக்கும் ஒரு கதை உண்டு. 1990-களின் பிற்பாதி வரை பந்தய சைக்கிள் என்றால் பார் தரைக்கு இணையாக இருக்கும். ஜயண்ட் நிறுவனத்துக்காக மைக் பரோஸ் என்ற ஆங்கிலேயர் பாரைச் சரித்து, முக்கோணத்தைச் சிறிதாக்கி, டிசிஆர் ஃபிரேமை வடிவமைத்தார். ஸ்பெயினின் ஓன்சே அணி அதை ஓட்டியது. சின்ன முக்கோணம் எடை குறைவு, விறைப்பும் அதிகம். இன்று கடையில் நிற்கும் ரோடு சைக்கிள்களில் பெரும்பாலானவை அந்தச் சரிவோடுதான் வருகின்றன.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மேன் 4,000 மீட்டர் பர்சூட்டில் (டிராக்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் கிளம்பி ஒருவரை ஒருவர் துரத்தும் போட்டி) தங்கம் வாங்கிய லோட்டஸ் சைக்கிளும் அதே பரோஸின் வடிவமைப்பில் பிறந்ததுதான். அது குழாயே இல்லாத ஒரே கார்பன் கூடு. ஒரே மனிதரின் ஒரு யோசனை உலகம் முழுக்கப் பரவியது, இன்னொன்றைப் பிறகு வந்த விதி வெளியே தள்ளியது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வன்னிக்காற்று

தம்பி லெஸ்டர், நான் லண்டனில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்து ஆள். 90-களில் இங்கே கிளப்பில் ஓடினவன். உங்கள் மனக்கஷ்டம் விளங்குது. விதி எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறும், அதற்காக எழுதுகிறேன்.

1933 ஜூலையில் பாரிசில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்றவர், ஷார்ல் மோஷே செய்த சாய்ந்து படுத்து ஓட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓடினார். 1914-இலிருந்து நின்ற ஆஸ்கர் எக்கின் சாதனை 44.247. ஃபோர் முதல் வரிசை வீரரும் இல்லை. அடுத்த வருடமே யூசிஐ பந்தய சைக்கிளுக்கு வரைவிலக்கணம் எழுதி, படுத்து ஓட்டுவதை வெளியே விட்டது. மோஷேயும் அதே 1934-இல் காலமானார்.

அதுக்குப் பிறகு ஸ்கொட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரி. காசில்லாத மனுசன், சைக்கிளைத் தானே செய்தார், பெடல் அச்சில் வாஷிங் மெஷினில் இருந்து எடுத்த பேரிங்கைப் போட்டார். கால்களை நெருக்கமாக வைத்து மிதித்தால் முழங்கால் பாரில் இடிக்கும் என்று பாரையே எடுத்துவிட்டார். கைகளை மடித்து நெஞ்சுக்குக் கீழே வைத்து ஓட்டுவார். 1993 ஜூலையில் நோர்வேயின் ஹாமாரில் முதல் முயற்சி தோற்றது. உடம்பு இறுகிப் போயிருக்கும், ஆனால் அடுத்த நாளே, 17-ஆம் தேதி, திரும்ப ஓடி ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ.! இத்தாலியர் மோசரின் ஒன்பது வருடச் சாதனை போனது. ஆறு நாளில் போர்ட்மேன் பொர்தோவில் 52.270 ஓடினார். 1994 ஏப்ரலில் ஓப்ரி 52.713 ஓடித் திருப்பி எடுத்தார்.

பிறகு யூசிஐ அந்தக் கைமடிப்பைத் தடை செய்தது. 1994 பலேர்மோ உலகப் போட்டிக்குப் பர்சூட்டின் நடப்புச் சம்பியனாகப் போன ஓப்ரியை அங்கேயே தகுதி நீக்கம் செய்தார்கள். விதி வைக்கலாம், அதை மறுக்கேல்லை. ஆனால் ஒருவன் போட்டிக்கு வந்து நிற்கிற நேரத்தில் மாற்றுவது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்லுவேன். ஓப்ரி சோர்ந்து போகாமல் கைகளை முன்னே நீட்டும் நிலையோடு வந்து 1995-இல் பொகோட்டாவில் திரும்பச் சம்பியன் ஆனார். அந்த நிலையில்தான் போர்ட்மேன் 1996-இல் மான்செஸ்டரில் 56.375 ஓடினார். அதையும் பிறகு தடுத்தார்கள்.

1996 அக்டோபரில் யூசிஐயின் லுகானோ சாசனம், 2000 ஜனவரியிலிருந்து புது விதிகள். இயந்திரத்தைவிட மனிதன் முதன்மை என்பது அதன் அடிப்படை. உங்கள் பீம் சைக்கிள் வெளியே போனது அங்கேதான் தம்பி.

சங்கிலிக்கண்ணி

அண்ணா, பலேர்மோவைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். சாசனத்தைப் பற்றி மட்டும் என் கருத்து வேறு. காற்றுச் சுரங்கத்துக்கும் கார்பன் அச்சுக்கும் பணம் உள்ள நாடுதான் ஜெயிக்கும் என்று ஆகியிருந்தால், சாதாரண ஃபிரேமோடு வரும் பையனுக்கு வாய்ப்பே இருந்திருக்காது. எல்லாருக்கும் ஒரே முக்கோணம் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

வன்னிக்காற்று

அந்தப் பையனை நினைத்துத்தான் நானும் கதைக்கிறேன். ஓப்ரிதான் அந்தப் பையன். வாஷிங் மெஷின் பேரிங்குக்கு என்ன விலை? யோசனை மலிவு, பெரிய கம்பனியின் அனுமதி முத்திரைதான் செலவு. இதில் நாங்கள் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை. தம்பிக்கு வழி சொல்லுவோம்.

கடலோரம்_ட்ரை

லெஸ்டர் நண்பரே, நான் டிரையத்லான் ஆள் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி), கோவாவில் அயர்ன்மேன் அமைப்பு நடத்தும் 70.3 டிரையத்லானை முடித்திருக்கிறேன். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டக் கூடாது என்கிற வகை டிரையத்லானில் ஃபிரேம் வடிவத்துக்கு நிறையச் சுதந்திரம் உண்டு. 2000-க்குப் பிறகு பீம் சைக்கிள்கள் உயிரோடு இருந்ததே அங்கேதான். வென்டம் என்ற கம்பெனியின் ஃபிரேமில் டவுன் டியூப் கிடையாது. 2016-இல் வந்த செர்வெலோ பி5எக்ஸ் டிரையத்லானுக்காகவே செய்தது, யூசிஐ போட்டிகளில் ஓட்ட முடியாது. ஒலிம்பிக்கில் நடப்பது போல ஒட்டி ஓட்டும் வகை என்றால் மறுபடி ரோடு சைக்கிள் விதிதான். படுத்து ஓட்டும் சைக்கிளை மட்டும் அயர்ன்மேனும் ஏற்காது.

நீச்சல் வேண்டாம் என்றால் பிஆர்எம், அதாவது நெடுந்தூர ராண்டனேரிங். பரிசு, வரிசை எதுவும் இல்லை, நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். மனித சக்தியால் மட்டும் ஓட வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸின் 1,200 கி.மீ.-இல் படுத்து ஓட்டுபவர்களும் இருவர் சைக்கிள்காரர்களும் சேர்ந்தே வருகிறார்கள். நேரம் 90 மணி. அடுத்தது 2027-இல். உங்கள் பீமுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கோவை_லெஸ்டர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வன்னிக்காற்று அண்ணா, ஓப்ரி கதையை இரவு மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். ராஜா அண்ணா, இப்போது 23 மி.மீ. டயர், காற்றழுத்தம் 110 பிஎஸ்ஐ. குழாய் யோசனையை விட்டுவிட்டேன். ஆனால் ரோடு ரேஸ் ஆசை போகவில்லை.

பட்டறை_ராஜா

110-ஆ! முதுகுக்கு வரும் அடியில் பாதி அதுதான் தம்பி. முத்திரை உள்ள ஃபிரேம் ஒன்றைக் கிளப்பில் இரவல் கேளுங்கள். டயருக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், 28 அல்லது 30 போட முடிய வேண்டும். உங்கள் எடை 70 கிலோ பக்கம் என்றால் 65 பிஎஸ்ஐயில் ஆரம்பித்து, ரிம் இடிக்காத வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஹேண்டிலை 2 செ.மீ. ஏற்றுங்கள். பீமில் சீட் இருந்த உயரத்தை அப்படியே கொண்டுவராதீர்கள். நீங்கள் உட்கார்ந்ததும் பீம் இறங்கும் அல்லவா, உட்கார்ந்த நிலையில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள்.

அதிர்ச்சியைக் குறைப்பதைப் பந்தயம் எப்போதும் மறுத்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1992, 1993 பாரிஸ்-ரூபே ரோடு ரேஸ் இரண்டையும் பிரெஞ்சு வீரர் டுக்லோ-லசால் ராக்‌ஷாக்ஸ் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில்தான் ஜெயித்தார், அந்தக் கல் பாவிய சாலையில். முக்கோணம் அப்படியே இருந்தது, அதனால் பிரச்சினை இல்லை.

கோவை_லெஸ்டர்

ஆறு வாரம் கழித்து வருகிறேன். கிளப்பில் ஒருவர் ஃபிரேம் கொடுத்தார், டாப் டியூபில் முத்திரை இருக்கிறது. 30 மி.மீ. டயர், முன்னால் 60, பின்னால் 64 பிஎஸ்ஐ. ராஜா அண்ணா சொன்னபடி உட்கார்ந்து அளந்தோம், சீட் உயரம் 2.5 செ.மீ. குறைந்தது. நேற்று ரோடு ரேஸ். அதே நடுவர், என்னை அடையாளம் தெரிந்துகொண்டார், சைக்கிளைப் பார்த்துத் தலையாட்டினார். 70 கி.மீ., கூட்டத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டு முடித்தேன். கடைசி பத்தில் முதுகு லேசாக வலித்தது, தாங்கிக்கொள்ளும் அளவுதான்.

சாஃப்ட்ரைட்டை விற்கவில்லை. அடுத்த மாதம் 200 கி.மீ. நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அமைப்பாளரிடம் படம் அனுப்பிக் கேட்டேன். விளக்கு மட்டும் சரியாக மாட்டிக்கொண்டு வா என்றார்.