அண்டை நிலத்துப் பத்திரங்களில் அகப்பட்ட மூதாதை

என் தந்தை கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகள் ஆவண எழுத்தராக இருந்தவர். பழைய கிரயப் பத்திரம் ஒன்று கைக்கு வந்தால், வாங்கியவர் பெயரையோ தொகையையோ படிக்கும் முன் அவர் செக்குபந்திக்குப் போய்விடுவார். கிழக்கே யாருடைய நிலம், மேற்கே எந்த வாய்க்கால் என்று பார்த்துவிட்டு, "சொந்தக்காரன் பொய் சொல்லுவாம்மா, அண்டை நிலத்துக்காரனுக்கு அந்த அவசியம் இல்லை" என்பார். அந்தப் பேச்சு வர்ஜீனியாவில் எனக்குக் கைகொடுக்கும் என்று அவரும் எண்ணியிருக்க மாட்டார், நானும் எண்ணவில்லை.

என் கணவர் அமெரிக்கர். அவருடைய தாய்வழிக் குடும்பம் செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் மாமியார் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் காகிதங்களைக் கொடுத்து, "உனக்குத்தான் பழைய பத்திரம் படிக்கத் தெரியுமே" என்றார். அதில், குடும்பத்தின் முதல் மனிதர் 1650இல் 300 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளராக வந்திறங்கிய கனவான் என்று யாரோ ஒரு பெரியவர் தட்டச்சு செய்து வைத்திருந்தார். என் பிள்ளைகளுக்கு அவர் பன்னிரண்டாம் தலைமுறைப் பாட்டனார்.

ரிச்மண்டில் உள்ள வர்ஜீனிய நூலகம் அந்தக் கால நிலப் பட்டயங்களைப் படமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. தேடியபோது 300 ஏக்கர் பட்டயமும் கிடைத்தது, அவர் பெயரும் கிடைத்தது. ஆனால் நிலம் பெற்றவர் வேறொருவர். வர்ஜீனியாவில் 1618 முதல், கடல் கடந்து ஓர் ஆளை அழைத்து வரச் செலவு செய்தவருக்கு ஆளுக்கு 50 ஏக்கர் வீதம் நிலம் கிடைத்தது. 300 ஏக்கருக்கு ஆறு தலைகள் கணக்குக் காட்ட வேண்டும். அந்த ஆறு பெயர்களில் நான்காவது பெயர்தான் எங்கள் கனவானுடையது. அவர் நிலத்தோடு வரவில்லை, இன்னொருவர் நிலம் பெறுவதற்கான கணக்காக வந்திருக்கிறார். அந்தத் தலைக்கணக்கு உரிமை கைமாறி விற்கப்பட்டதும் உண்டு என்பதால், 1650 என்பது அவர் வந்த ஆண்டு என்றும் கொள்ள முடியாது. பல ஆண்டுகள் முன்பே வந்திருக்கலாம். இதை மாமியாரிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

அதன் பிறகே நீதிமன்ற ஏடுகளுக்குப் போனேன். அந்தக் கரையில் உள்ள நார்த்தாம்ப்டன் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) நீதிமன்றப் பதிவுகள் 1632 முதல் இடையறாமல் இருக்கின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1865இல் ரிச்மண்ட் எரிந்தபோது, பாதுகாப்புக்காக அங்கே அனுப்பப்பட்ட பல கவுண்டிகளின் ஏடுகள் சாம்பலாயின என்பதை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பேறு என்று புரியும். இங்கே ஒரு வார்த்தை: கவுண்டியின் பெயரை மட்டும் நம்பித் தேட வேண்டாம். 1634இல் அக்கோமாக் என்று அமைந்தது 1640களில் நார்த்தாம்ப்டன் ஆயிற்று. 1663இல் வடபகுதி பிரிந்து மீண்டும் அக்கோமாக் என்ற பெயரைப் பெற்றது. மனிதர் இருந்த இடத்திலேயே இருந்தார், கவுண்டிதான் அவர் மேல் நகர்ந்தது. ஆண்டுக் கணக்கிலும் இதே தொல்லை உண்டு. 1752 வரை ஆங்கிலேயச் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. எனவே ஏட்டில் பிப்ரவரி 1654 என்றிருப்பது நம் கணக்கில் 1655. இது தெரியாமல் நான் ஒரு குழந்தையை அதன் பெற்றோரின் திருமணத்துக்கு முன்னால் பிறக்க வைத்துவிட்டேன்.

ஏட்டில் அவர் முதலில் பேசுவது ஒரு பன்றி வழக்கில். காதில் யாருடைய அடையாளவெட்டு இருந்தது என்று சாட்சி சொல்கிறார். அந்த வாக்குமூலத்தின் தலைப்பில் "வயது முப்பது அல்லது அதன் அருகில்" என்று எழுத்தர் குறித்திருந்தார். பிறப்புச் சான்று இல்லாத மனிதருக்கு ஒரு பன்றி பிறந்த ஆண்டைக் கொடுத்தது.

ஆனால் அதே பெயரில் அதே கரையில் இன்னொருவரும் இருந்தார். இருவரையும் பிரித்துக் காட்டியது கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆவணத்தின் அடியில் ஒரு குறி கீறுவார்கள். எழுத்தர் ஏட்டில் பகர்ப்பு எடுக்கும்போது அந்தக் குறியையும் பார்த்து வரைவார். எங்களவர் குறி, நம் 'ப' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து நடுவில் ஒரு புள்ளி வைத்தாற்போல் இருக்கும். மற்றவர் ஒழுங்காகக் கையெழுத்திட்டார். அதன் பின் குறியைப் பின்பற்றியே நான் இருபது ஆண்டுகளைக் கடந்தேன்.

நிலம் மட்டும் அகப்படவில்லை. அவர் பெயரில் பட்டயம் கிடையாது, வாங்கிய பத்திரமும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அப்பாவின் செக்குபந்தி நினைவுக்கு வந்தது. சுற்றியிருந்த ஐந்து பேரின் நில விவரங்களை எடுத்து, சிற்றோடையில் தொடங்கி, அடையாளமிட்ட ஓக் மரம் வரை இத்தனை 'போல்' என்று சொல்லும் ஒவ்வொரு கோட்டையும் கட்டத்தாளில் வரைந்தேன். ஒரு போல் பதினாறரை அடி. ஐந்தையும் வெட்டி உணவு மேசையில் பொருத்தியபோது நடுவில் ஏறக்குறைய 150 ஏக்கர் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையைத் தொட்ட ஐந்து பத்திரங்களில் மூன்று, தம் எல்லையாக எங்களவர் பெயரைச் சொல்லின. அவர் பிற்காலத்தில் அதில் ஒரு பகுதியை விற்றபோது, மனைவி, கணவர் இறந்தால் அவர் நிலத்தில் தமக்குச் சேரவேண்டிய 'டவர்' உரிமையை விட்டுக்கொடுப்பதாக நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். குடும்பத்தில் யாருக்கும் தெரியாதிருந்த அந்தப் பாட்டியின் பெயர் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது.

மறுமொழி, ஃபிலடெல்ஃபியாவிலிருந்து:

சகோதரியின் பதிவைப் படித்ததும் என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. என் மருமகனின் மூதாதையைத் தேடியபோது ஒரு நில வெளியேற்ற வழக்கில் ரிச்சர்ட் ரோ என்ற பெயரைக் கண்டு, அவர்தான் நிலத்தில் குடியிருந்தவர் என்று முடிவு கட்டி மூன்று வாரம் அவருக்குக் குடும்பம் தேடினேன். ஜான் டோவும் ரிச்சர்ட் ரோவும் ஆங்கிலேய வழக்கு முறை கற்பித்த பொம்மைப் பெயர்கள் என்று ஓர் ஆவணக்காப்பகப் பணியாளர் சிரிக்காமல் விளக்கினார். சொற்களும் இப்படித்தான் காலை வாரிவிடும். அக்கால ஆவணத்தில் 'இன்ஃபன்ட்' என்றால் கைக்குழந்தை அல்ல, இருபத்தொரு வயது நிரம்பாதவர். 'ஜூனியர்' என்றால் மகனாக இருக்க வேண்டியதில்லை, அதே ஊரில் அதே பெயர் கொண்ட இளையவராக இருந்தாலே போதும். 'மதர்-இன்-லா' பல இடங்களில் மாற்றாந்தாய்.

மறுமொழி, மேரிலாந்திலிருந்து:

அதே நார்த்தாம்ப்டன் ஏடுகளில் நான் பின்தொடர்ந்தவர் ஆன்டனி ஜான்சன். எனக்கு அவர் உறவில்லை. ஒரு வாசிப்புக் குழுவுக்காகத் தொடங்கி விட முடியாமல் போனவன். 1621இல் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்டபோது அவர் பெயர் வெறும் அன்டோனியோ, கறுப்பர் என்பது அதன் ஒட்டு. அவரே பிற்காலத்தில் விடுதலை பெற்று, 1651இல் ஐந்து தலைகளைக் கணக்குக் காட்டி 250 ஏக்கர் பெற்றிருக்கிறார். 1653இல் தீ விபத்தில் பெரும் இழப்பு நேர்ந்ததும், அவருடைய மனைவி மேரிக்கும் இரு மகள்களுக்கும் நீதிமன்றம் வரிவிலக்கு அளித்தது. இதுவரை படித்தால் மனம் குளிரும். 1655இல் ஜான் கேசர் என்ற கறுப்பர் தாம் சில ஆண்டு ஒப்பந்தத்துக்கு மட்டுமே வந்தவர் என்று வாதிட, ஆயுள் முழுவதும் அவர் தம்முடையவர் என்று ஜான்சன் வாதிட்டார். நீதிமன்றம் ஜான்சன் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன், ஒருமுறையும் அது எனக்கு எளிதாக இல்லை.

பிறகு குடும்பம் மேரிலாந்துக்குப் பெயர்ந்து, டோனியின் திராட்சைத் தோட்டம் என்று பெயரிட்ட 300 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தது. 1670இல் அவர் இறந்த பின், அவர் கறுப்பர், ஆகவே அந்நியர் என்று காரணம் சொல்லி வர்ஜீனிய நடுவர் குழு ஒன்று அவருடைய நிலத்தை அரசுக்குச் சேர்த்தது. நிலம் தந்ததும் பறித்ததும் ஒரே ஆட்சிதான். 1677இல் அவருடைய பேரன் மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கி அதற்கு அங்கோலா என்று பெயர் வைத்தான். மேரிலாந்தில் நிலத்துண்டுகளுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் இருந்ததால், அந்த ஒரு சொல் ஏட்டில் நிலைத்துவிட்டது.

முதலில் பகிர்ந்தவர்:

மேரிலாந்து நண்பரின் பதிவைப் படித்த பிறகு, முதலில் எழுதாமல் விட்ட ஒன்றை எழுதுகிறேன். எங்களவர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் இறகு மெத்தை, இரும்புப் பானை, இரண்டு பசு ஆகியவற்றுக்கு நடுவே முதற்பெயர் மட்டும் கொண்ட ஒரு சிறுவன் இருக்கிறான். எதிரே அவனுடைய விலை, இத்தனை பவுண்டு எடைப் புகையிலை என்று எழுதப்பட்டிருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1680இன் சட்டப்படி, அதே சிறுவனை அவர் நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். கப்பலில் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளுக்கு எப்போது வரி தொடங்கும் என்று முடிவு செய்ய, நீதிபதிகள் உருவத்தைப் பார்த்து வயதை நிர்ணயிப்பார்கள். இவனுக்கு ஒன்பது என்று நிர்ணயித்தார்கள். எங்களவரின் வயதைச் சொன்னது அவருடைய சொந்த வாய். இவனிடம் யாரும் கேட்கவில்லை.

மாமியாரிடம் இந்த இரண்டு பக்கங்களையும் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தப் பையனைச் சொத்தாகப் பெற்ற மகனின் உயிலையும் எடுத்துவிடு" என்றார். போன செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டேன். அதில் அந்தப் பையன் பெயர் இரண்டாம் வரியிலேயே இருக்கிறது, நிலத்துக்கு முன்னால்.